திறமையால் வென்ற பணம்

சீட்டாட்டம் ஆகாது என்று சொன்னால், "ஹஜ்ரத், இது அதிர்ஷ்டமல்ல, திறமை" என்று பதில் சொல்லும் இளைஞர்கள் பெருகிவிட்டனர். அவர்கள் கையில் சட்டமும் இருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டமே என்று சுப்ரீம் கோர்ட் 1968-இல் கூறியது. 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட் போக்கரையும் அவ்வரிசையில் வைத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடுத்தது. நேருக்கு நேர் உட்கார்ந்து ஆடுவோர், அது எங்களைப் பற்றியதல்ல என்கின்றனர்.

அத்திறமைதான் யாது? போக்கர் பழகிய ஒருவர் விளக்கினார். குறைந்த பணத்துடன் உட்கார்ந்து, வருகிற சீட்டையெல்லாம் ஆடுகிறவர் ஒருவர் இருப்பார். அவரிடம் பொய்யாக மிரட்டிப் பயனில்லை, அவர் விலகமாட்டார். நாம் மட்டமான சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டுப் பொறுமையாயிருக்க வேண்டும். உயர்ந்த ஜோடி வந்ததும் பந்தயத்தை ஏற்றினால், அவர் மிச்சமுள்ளதை முழுதும் வைத்துவிடுவார். சில ஆட்டங்களில் தோற்றாலும் நூறு ஆட்டத்தில் பணம் நம் பக்கமே சேரும். கணக்கு சரிதான்; அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் குறைந்த பணத்துக்காரர் யார்? மரக்காணம் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்புப் பாத்திகள் மூழ்கிவிடும், கூலி நின்றுபோகும். அம்மாதங்களுக்கென அரசு தரும் நிவாரணம் ரூ.5,000. அதில் ஒரு பகுதியுடன் ஒருவர் சீட்டுக்கு உட்கார்ந்தால், எல்லாச் சீட்டையும் ஆடுவது அவருடைய மடமையால் மட்டுமல்ல. காத்திருக்க அவரிடம் பணமில்லை. காத்திருப்பதே திறமை என்றால், அத்திறமையின் பாதி நம் மடியிலுள்ள பணம்தானே!

திறமை என்ற வாதத்தை நம் ஃபுகஹாக்கள் அறியாதவர்களல்லர். அம்பெய்தலைவிடத் திறமை வேண்டிய போட்டி ஏது? அதில் பந்தயப் பொருள் வைக்க மார்க்கம் அனுமதித்தது. அவ்வாறிருந்தும், போட்டியிடும் இருவருமே பொருள் வைத்தால், எதுவும் வைக்காத மூன்றாமவர் ஒருவர் போட்டியில் சேர்ந்தாலன்றி அது சூதாகிவிடும் என்று ஷாபிஈ மத்ஹபு கூறுகிறது. இருவரும் பணம் வைத்து ஆடும் சதுரங்கமும் சூதே. எனவே, மூளை வேலை செய்ததா என்பதல்ல மஸ்அலா; ஒருவன் பெற மற்றவன் இழந்தே தீர வேண்டுமா என்பதே மஸ்அலா.

அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, பத்து அம்புகளைக் கொண்டு குலுக்கிப் பங்கிட்டனர். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதைப் பெருமையாகக் கருதினர். அதில் பயனும் உண்டு என்று ஒப்புக்கொண்டே, பாவம் பெரிது என்றது குர்ஆன் ஷரீப். அந்தச் சூது ஏழைக்குக் கொடுத்தது. நமது சூது ஏழையிடமிருந்து எடுக்கிறது.

"அவர் சம்மதித்துத்தானே ஆடுகிறார்?" வட்டிக்கு வாங்குபவனும் சம்மதித்தே வாங்குகிறான். "வியாபாரியும் விலை ஏறக் காத்திருக்கிறானே?" இது சற்று நல்ல கேள்வி. உப்பு வாங்கியவன் கையில் உப்பு இருக்கிறது, விற்றவன் கையில் பணம் இருக்கிறது. சீட்டில் தோற்றவன் எதைக் கொண்டு வீடு திரும்புகிறான்? மேலும், சந்தை விலை அறியாத வெளியூர் வணிகரை வழியிலேயே மறித்துச் சரக்கு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வியாபாரத்திலேயே எதிராளியின் அறியாமை நமக்கு மூலதனமாகக் கூடாது.

வென்ற பணத்தைப் பள்ளிவாசலுக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்கின்றனர். அது வென்றவருடைய உடைமையே ஆகவில்லை. உரியவர் இன்னாரென்று தெரியாதபோதுதான், நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்து நீங்கிக்கொள்ளலாம். தெரிந்தால் அவரிடமே சேர்க்க வேண்டும். ஒரே ஊரில், ஒரே பாயில் எதிரே உட்கார்ந்து ஆடியவரைத் தெரியாது என்று சொல்ல முடியாதல்லவா?