பிழைத்தவரின் சாட்சி

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் நிறைந்திருந்தார்கள். காலையில் ஆழிப்பேரலையாய்க் கடல் ஊருக்குள் புகுந்தபோது பேராலயத்துக்குள் திருப்பலியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்றவர்களை அலை வாரிக்கொண்டு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கோயிலுக்குள் இருந்தவர்கள் தப்பியதை மாதாவின் புதுமை என்று அன்றுதொட்டுப் பலர் சொல்லிவருகிறார்கள்.

அப்படிச் சொல்வது தகுமா? பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் காதில் விழும்படி, ‘ஆண்டவர் என்னைக் காப்பாற்றினார்’ என்று ஒருவர் சாட்சி சொல்லலாமா?

பிழைத்தவரின் நன்றியைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. சாவின் பிடியிலிருந்து மீண்டவர் வாயில் முதலில் வருவது ஆண்டவரின் பெயர்தான். இறந்தவர்களை நினைத்து அவர் அந்த நன்றியை விழுங்கிக்கொண்டாலும் போனவர்கள் திரும்பப் போவதில்லை. அது மட்டுமல்ல, நோய்ப்படுக்கையில் கிடப்பவர்களுக்குப் பிறருடைய சாட்சி பெரிய பிடிமானம். இன்னொருவர் மீண்ட கதையைக் கேட்டுத்தான் பலர் அடுத்த நாள் விடியும் என்று நம்பித் தூங்குகிறார்கள். இதை அற்பமாக எண்ணுகிறவர்கள் புற்றுநோய் வார்டில் ஓர் இரவு உட்கார்ந்திருக்காதவர்கள்.

நன்றி, விளக்கமாக மாறும் இடத்தில்தான் அநீதி தொடங்குகிறது. ‘ஆண்டவரே, நன்றி’ என்பது செபம். ‘நான் செபித்தேன், அதனால் பிழைத்தேன்’ என்பது ஒரு கணக்கு. கணக்கென்றால் எல்லோருக்கும் ஒத்துவர வேண்டும். கடற்கரையில் இறந்தவரும் அதே மாதாவைத் தேடி, நேர்த்திக்கடனைச் செலுத்த வந்தவர்தானே? அவர் செபத்தில் என்ன குறை? வார்டில் கிடந்தவர் குணமாகாமல் போகும்போது, ‘விசுவாசம் போதவில்லை’ என்று உறவினர் காதோடு பேசிக்கொள்கிறார்கள். நோயின் வலி போதாதென்று பழியும் சேர்கிறது. சாட்சியைக் கணக்காக்கியதன் விலை இதுதான். அதைக் கட்டுபவர் எப்போதும் இழந்தவரே.

இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்த செய்தியை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காணலாம். செத்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று பதிலையும் அவரே சொல்கிறார். பிறகு கேட்டவர்கள் பக்கம் திரும்பி, அவரவர் மனம் மாறச் சொல்கிறார். பிழைத்திருப்பதை அவர் யாருக்கும் நற்சான்றாக எழுதிக் கொடுக்கவில்லை.

இதைவிடக் கூர்மையான பகுதி மத்தேயுவில் இருக்கிறது. ஏரோது பெத்லகேமின் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறான். கனவில் எச்சரிக்கப்பட்ட யோசேப்பு, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய்விடுகிறார். அங்கே பிழைத்த குழந்தை இயேசு. தப்பியதைப் புதுமையாகப் பாடி முடிக்க நற்செய்தியாளருக்கு இது நல்ல இடம். அவர் அப்படிச் செய்யவில்லை. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, ஆறுதல் வேண்டாமென்று மறுப்பதாக எரேமியா சொன்னதை அங்கே கொண்டுவந்து வைக்கிறார். மற்ற வீடுகளுக்கு ஏன் கனவு வரவில்லை என்பதற்கு அவர் காரணம் தேடவில்லை. அந்தத் தாய்மாரின் மறுப்பைக் கண்டிக்கவுமில்லை. வேதத்திலேயே அந்த அழுகைக்கு இடம் இருக்கும்போது, துக்க வீட்டில் அழுகையை அடக்கச் சொல்ல நமக்கு எங்கிருந்து அதிகாரம் வந்தது? மாசில்லாக் குழந்தைகளின் நினைவைக் கத்தோலிக்கத் திருச்சபை டிசம்பர் 28இல் கொண்டாடுகிறது. 2004இல் அந்த நாள் வந்தபோது நாகைக் கடற்கரையில் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளமே பிழைக்காத ஒருவர்தான். சிலுவையின் கீழ் நின்றவர்கள் அவரை ஏளனம் செய்தது எதைச் சொல்லி? பிறரைக் காப்பாற்றியவனுக்குத் தன்னைக் காப்பாற்றத் தெரியவில்லை என்றுதான். தப்பித்தலே கடவுள் துணையிருப்பதற்கு அடையாளம் என்று நினைத்தவர்கள் அவர்கள். காப்பாற்றப்பட்டவர்களை மட்டும் சான்றாகக் காட்டும் போதனை, தெரியாமலே அந்தக் கூட்டத்தோடு போய் நிற்கிறது. உயிர்ப்பைப் பற்றிய விசுவாசம் வேறு. கைவிடப்பட்டவராக, கதறி, மெய்யாகவே செத்தவரைக் கடவுள் எழுப்பினார் என்கிறது அது. எழுந்தவருடைய கைகளில் காயம் இருந்தது. ஆகவே இந்த நம்பிக்கையில் கடற்கரையில் இறந்தவருக்கும் அவர் தாய்க்கும் உள்ள பங்கு, கோயிலுக்குள் பிழைத்தவருக்கு உள்ளதைவிட ஒரு துளியும் குறைந்ததல்ல.

விளக்கம் செய்யும் தீங்கு இன்னொன்றும் உண்டு: மனிதர் செய்த தவற்றை அது மூடிவிடும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே நின்றிருந்தபோது குண்டு வெடித்தது. அன்று இலங்கை முழுவதும் 260 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். முன்கூட்டியே உளவுத் தகவல் வந்திருந்தும் தடுக்கவில்லை என்று முன்னாள் ஜனாதிபதியையும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளையும் இழப்பீடு கட்டச் சொல்லி 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையை இழந்தவர்கள் ‘தேவ சித்தம்’ என்று ஓய்ந்திருந்தால் இந்த உண்மை நீதிமன்றப் படியேறியிருக்குமா? ஆழிப்பேரலையிலும் சுமத்ராவில் பூமி அதிர்ந்ததற்கும் நாகையில் அலை ஏறியதற்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது எச்சரிக்கை அமைப்புதான் இல்லை. ஹைதராபாத்தில் அது 2007இல் வந்தது. ஏன் நடந்தது என்று விடாமல் கேட்பது விசுவாசக் குறைவல்ல. இயேசுவே சிலுவையில் ‘ஏன்’ என்று கேட்டார்.

‘தேவ சித்தம்’ என்ற சொல்லை இழந்தவர் தம் வாயால் சொல்லலாம். வருடங்கள் கழித்துச் சிலர் சொல்கிறார்கள், அதன்முன் தலைகுனிய வேண்டும். ஆறுதல் சொல்லப் போனவருக்கு அந்த உரிமை இல்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதற்குத்தான் கடவுள் அவர்கள்மேல் சினந்தார்.

ஒவ்வொரு டிசம்பர் 26இலும் நாகைக் கரையில் நினைவு வழிபாடு நடக்கிறது. அங்கே மறையுரை ஆற்றும் குருக்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பிழைத்தவர்களின் சாட்சியைத் தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன்பு இறந்தவர்களின் பெயர்களை வாசியுங்கள். கூட்டத்தில் இருக்கும் தாய் அழுது முடிக்கும்வரை அடுத்த பாட்டைத் தொடங்காதீர்கள்.