கேட்பதும் கேட்பதும்

நோர்வூட் பஸாரில் கடை வைத்திருக்கும் எனக்கு வியாபாரத்தோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு வேலையும் உண்டு. தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது. வாப்பாவின் காலத்திலிருந்து தொடர்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, ஒழுகும் லயத்துக் கூரை, சேமலாப நிதி என்று எதுவாயினும் கல்லாப்பெட்டியின் ஓரத்தில் வைத்தே எழுதுவோம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் சில வருடங்களின் பணத்தைக் காணவில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். சம்பந்தப்பட்ட காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒரு வருடம் கழித்து ஒரு நினைவூட்டல். பிறகு மற்றொன்று. பதிலில்லை.

"காசு கெடக்கட்டும் நானா. குடுத்த கடுதாசிய அவுங்க படிச்சாங்களா இல்லியான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்க நமக்கு நெடுங்காலம் வழியிருக்கவில்லை. அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் 2015இல் தகவலறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிக்கு அதில் உரிமையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அலுவலர் அதை எழுத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் ஆணைக்குழு.

அந்த அம்மாவின் கையொப்பத்தோடு நான்கு விடயங்கள் கேட்டோம். முறைப்பாடு எந்தத் திகதியில் பதியப்பட்டது? யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்யப்பட்டது? கோவையிலுள்ள குறிப்புகளின் பிரதி தர முடியுமா? இந்த உத்தி என் கண்டுபிடிப்பல்ல. 2005இல் இந்தியாவின் தேசியச் சட்டம் வருவதற்கு முன்பே, டில்லியில் கூலி வேலை செய்த ஒருவர் தொலைந்த ரேஷன் அட்டைக்கு விண்ணப்பித்து, அலைந்து சலித்து, மாநிலத் தகவல் சட்டத்தின் கீழ் இப்படித்தான் கேட்டார். என் விண்ணப்பத்தின் மீது நாளுக்கு நாள் என்ன நடந்தது, அதைப் பார்த்த அதிகாரிகள் யார் என்று. அவர் அட்டையைக் கேட்கவில்லை. அட்டை தேடி வந்தது.

எங்களுக்கு வந்தது பதில். முறைப்பாடு இரண்டு வருடங்களுக்கு முன்பே முடித்துவைக்கப்பட்டிருந்தது. "நேரில் சென்று பார்த்ததில் குறித்த முகவரியில் முறைப்பாட்டாளர் இல்லை" என்று ஒரு குறிப்பு. பிறந்ததிலிருந்து அதே லயத்தில் இருக்கிறவர் அவர்.

கடிதத்தை அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு ஹாஜியாரிடம் காட்டினேன். படித்தவர், நல்ல மனிதர். மகிழ்வார் என்று நினைத்தேன். முகம் சுருங்கியது. "தம்பி, இது தஜஸ்ஸுஸ் இல்லையா? அடுத்தவனின் குறையைத் துருவுவதை அல்லாஹ் தடுத்திருக்கிறானே. அந்தக் கிளார்க்கும் பிள்ளைகுட்டிக்காரன்தானே" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. சூரா ஹுஜுராத் சந்தேகத்தையும் துருவுதலையும் ஒருசேரத் தடுக்கிறது. பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். அப்படியானால் மேன்முறையீடு எழுதுவது பாவமா?

யோசிக்க யோசிக்க ஒரு வேறுபாடு தெளிந்தது. அந்த அதிகாரி வீட்டில் என்ன செய்கிறார், யாரோடு பேசுகிறார் என்று நான் கேட்டால் அது துருவுதல். நான் கேட்டதோ அந்த அம்மா தன் கையால் கொடுத்த காகிதத்தைப் பற்றி. அது அதிகாரியின் அந்தரங்கமல்ல, அமானிதம். அமானிதத்தைக் கொடுத்தவர் அதைப் பற்றி விசாரிப்பது சந்தேகமாகாது. அடகு வைத்த நகையைப் பற்றி விசாரிப்பவரை யாரும் வேவு பார்க்கிறவர் என்று சொல்வதில்லை.

ஹாஜியாரின் இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. அந்தக் குறிப்பை எழுதியவரும் அநேகமாகச் சிறு உத்தியோகத்தர்தான். வாகனம் இருந்திருக்காது. மேசையில் கோவைகள் மலையாய்க் குவிந்திருக்கும். மேலே இருப்பவர் மாத முடிவில் எண்ணிக்கை கேட்டிருப்பார். போகாமலே போனதாக எழுதியிருப்பார். இதில் யார் குற்றவாளி? ஆகவே மேன்முறையீட்டில் ஆளைத் தண்டிக்கும்படி எழுதவில்லை. அந்த வருகையின் திகதியையும் பயணப் பதிவையும் மட்டும் கேட்டேன். இச்சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்படுகிறவருக்குக் காரணம் சொல்லும் கடமையை அலுவலர் மீது சுமத்துகிறது. அதையும் சுட்டிக்காட்டினேன். காரணத்தை எழுத வேண்டும் என்று தெரிந்தால் பொய்க் காரணம் எழுதுவது கொஞ்சம் சிரமமாகும். அடுத்து வரும் உத்தியோகத்தரையும் அது காப்பாற்றும் என்று நம்புகிறேன்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் பகராவின் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. சிறியதோ பெரியதோ, எழுதச் சலிக்காதே என்கிறது. எழுதுகிறவர் மறுக்கவும் கூடாது. வியாபாரச் சமூகமான நமக்கு அது மனப்பாடம். அரசாங்கத்தின் கடன்களுக்கும் அது பொருந்தும் என்று ஏனோ நாம் யோசிப்பதில்லை.

மலையகத்தில் காகிதம் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். எங்கள் பஸார்களில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் அச்சட்டங்கள் விட்டுவைக்கவில்லை. தம் கோவையில் யார் என்ன எழுதினார் என்று பார்க்க அவர்களுக்கு வழியிருக்கவில்லை. எஞ்சியிருந்தோருக்கு 2003இல்தான் ஒரு சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. தகவலறியும் உரிமையோ பிரஜைக்கு மட்டுமே உரியது. விண்ணப்பத்தை நிரப்பும்போது நீங்கள் இலங்கைப் பிரஜைதானே என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடத் தொடங்கிவிட்டார். நம்ப மாட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. நான் ஜமாஅத் நிருவாகத்தில் சில வருடங்கள் இருந்தவன். ஸகாத் பட்டியலில் தன் பெயர் ஏன் விடுபட்டது என்று ஒரு விதவைத் தாய் எழுதிய கடிதம் என் கோவையில் கிடந்தது. கூட்டத்தில் பேசலாம் என்று வைத்தேன். பேசவில்லை. பதில் எழுதவுமில்லை. அவருக்கு எந்த ஆணைக்குழுவும் இருக்கவில்லை. மேன்முறையீட்டை எழுதிய அந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் மாப்புக் கேட்டேன். "வாசிச்சீங்களா மகன்?" என்றுதான் அவரும் கேட்டார்.

மதீனாவில் ஒரு பெண் கணவனைப் பற்றி நபிகளாரிடம் வாதாடினார். ஒரு சூராவே அவர் வாதாடியதன் பெயரால் முஜாதலா ஆனது. தீர்ப்புப் பிறகுதான் வருகிறது. அவர் சொன்னதை அல்லாஹ் செவியேற்றான் என்பதே முதல் செய்தி. தமிழில் வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் கேட்பது என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. ஒருவர் கேட்டால் மற்றவர் கேட்க வேண்டும்.

மேன்முறையீட்டின் பின் கோவை மறுபடி திறக்கப்பட்டது. பயணப் பதிவு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. பணத்தில் ஒரு பகுதி கிடைத்தது. மிச்சத்துக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பதில் கடிதத்தை அம்மா அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் உறையில் மடித்து வைத்திருக்கிறார். கடைக்கு வரும்போதெல்லாம் எடுத்துத் தருவார். ஒரு தடவை வாசித்துக் காட்டுவேன்.