வளர்த்த உயிரின் நோயும் வளர்ப்போர் கடனும்

உயிர்களிடத்து அருளுடையராதல் சைவ நன்னெறியின் முதற்படி என்பது யாவர்க்கும் ஒப்பமுடிந்ததாம். கொல்லாமையும் புலால் மறுத்தலும் அவ்வருளின் இரு கிளைகளாக வைத்து ஓதப்படுகின்றன. ஆயினும், அவ்விரண்டும் தீயது செய்யாதொழிதலேயாம். நல்லது செய்தற்கண் எழும் வினாக்கள் அவற்றான் முடிந்துவிடுவன அல்ல. ஒருவன் ஒரு நாயையோ பூனையையோ இல்லத்திற் கொணர்ந்து வளர்க்கின்றான்; அது நோயுறுகின்றது; மருத்துவத்துக்கு வேண்டும் பொருளோ அவனது ஒரு திங்கள் வருவாயை விஞ்சுகின்றது. அப்பொருளைச் செலவிடுதல் அவனுக்குக் கடனோ, அன்றி வெறும் விருப்பமோ? கடனாயின் அதற்கு எல்லை உண்டோ, இன்றோ? இவ்வினா இக்காலத்துப் பல இல்லங்களிலே எழுந்து, உள்ளவர்களைக் கலக்குவதாகலின், அதனை ஒருவாறு ஆராய்தல் ஈண்டைக்குக் கருத்து.

முதற்கண், கடன் தோன்றுவது எப்பொழுது என்பது தெளியப்படல் வேண்டும். நோய் வந்த அன்று அது தோன்றுகின்றது என்று பலர் கருதுவர். அற்றன்று, உயிரைக் கொணர்ந்த அன்றே கடன் தோன்றிவிட்டது. என்னை? காட்டு விலங்கு தன் இரையைத் தானே தேடும். தெருவிற் றிரியும் நாய் பல வாயில்களை நாடும். வீட்டிற் கட்டுண்ட நாயோ ஒரே வாயிலை நோக்கி வாழ்வது. அது தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளையெல்லாம் வளர்ப்பவன் தன் கையிற் கொண்டான். கொண்டமையால், அவ்வழிகளாற் பெறற்பாலனவற்றைத் தானே தருதலும் அவன்மேலதாயிற்று. ஒருவன் கையைக் கட்டிவைத்தவனுக்கே அவன் வாயில் உணவூட்டும் கடனும் உரியதாதல் போல்வது இது. எனவே, நோய் புதிய கடனொன்றைத் தோற்றுவிப்பதன்று. முன்னரே பட்ட கடனைச் செலுத்தும் நாளை அறிவிப்பதேயாம்.

தொல்காப்பியனார் மரபியலில் விலங்கை ஐயறிவுயிர் என்றும் மக்களை ஆறறிவுயிர் என்றும் வகுத்தனர். ஐம்பொறியறிவும் உண்மையின், விலங்கு நோயை முற்றும் நுகரும். நுகர்ந்ததை எடுத்துச் சொல்லமாட்டாது. பூனையோ தன் நோவை மறைத்தொழுகும் இயல்பினது. அஃது உணவு வெறுத்து ஒதுங்கிக் கிடப்பதை வீட்டார் காணுமுன்னரே நோய் முதிர்ந்துவிடுதல் உண்டு. ஆகலின், வாய்பேசும் மகவினிடத்தினும் வாயில்லா உயிரினிடத்து விழிப்பு மிகுதல் வேண்டும் என்பது பெறப்படும்.

விலங்குகட்கு மருத்துவம் செய்தல் புதுவது அன்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகன் பொறிப்பித்த இரண்டாம் பாறைச் சாசனம், மக்கட்கும் விலங்குகட்குமாக இருவகை மருத்துவம் அமைக்கப்பட்டமையையும், மருந்துப் பூண்டுகள் இல்லாதவிடத்து அவை கொணர்ந்து நடப்பட்டமையையும் கூறுகின்றது. சோழ பாண்டிய நாடுகளும் ஆண்டுப் பெயர் சுட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தே, பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1761-இல் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டது. ஆனிரையை அழித்த கொள்ளைநோயே அதற்குப் பெரிதும் ஏதுவாயிற்று. சென்னையிற் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கிற்று. உழவெருது, கறவைப்பசு, குதிரை என்பனவே இத்தகைய பள்ளிகளில் முதற்கண் கருதப்பட்டன. எருதுக்குச் செய்யும் செலவை உழவன் அதன் உழைப்பொடு நிறுத்துப் பார்ப்பான். ஊதியம் மிகின் செலவிடுவான். வீட்டு நாய்க்கோ அத்தகைய நிறைகோல் இல்லை. அஃது உழுவதுமில்லை, கறப்பதுமில்லை. ஆகலின், அதன்பொருட்டுச் செய்யும் செலவிலே வாணிகக் கணக்குச் சிறிதும் கலவாது, கடமையும் அன்பும் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. இவ்வினா அறவினாவாதல் இக்காரணத்தான் என்க.

அற்றேல், நோய் என்பது அவ்வுயிர் நுகரவேண்டிய பிராரத்த வினையன்றோ? அதனைப் பிறர் இடைபுகுந்து தடுத்தல் எற்றுக்கு? எனின், அவ்வாறு கூறுவார் தமக்குக் காய்ச்சல் கண்ட அன்று மருத்துவனை நாடாதிருத்தல் வேண்டும். தமக்கு மருந்தும் பிறிதோருயிர்க்கு வினையும் என்று பகுத்தல் நடுவுநிலை அன்று. அன்றியும், நோயுறுதல் வினைப்பயனாயின், நோய் தீர்தலும் வினைப்பயனேயாம். மருந்தும் மருத்துவனும் வளர்ப்பவன் கையிலுள்ள பொருளும் அவ்வினைப்பயன் வந்து கூடும் வாயில்களே. எவ்வளவு நுகர்ச்சி எஞ்சியுள்ளது என்பதை அறிபவன் இறைவன் ஒருவனே. அதனை அளந்தறியமாட்டாத மனிதன், அறிந்தான்போல வாளாவிருத்தல் தன் கைப்பொருட் பற்றுக்கு வினையின் பெயரை இட்டு வழங்குதலாய் முடியும். அங்ஙனம் வாளாவிருந்ததனால் ஈட்டப்படும் ஆகாமியம் அவனதே, நோயுயிரினது அன்று.

இன்னும், சில நோய்கள் மக்களது விருப்பத்தாலேயே விளைந்தன. முகம் குறுகியிருத்தலை அழகெனக் கருதி, பக், புல்டாக் முதலிய நாய்ச் சாதிகளைப் பல தலைமுறையாகத் தெரிந்து பெருக்கினர். அதனால் அவை மூச்சுவிடவும் இடர்ப்படுகின்றன. புல்டாக் சாதியிற் பல, வயிற்றைக் கீறியன்றி ஈனமாட்டா. பனிநாட்டுக்குரிய அடர்மயிர் நாய்கள் இத்தமிழ்நாட்டு வெயிலிலே கொணர்ந்து கட்டப்படுகின்றன. கண்ணுக்கு இனிமை வேண்டி ஓருயிரின் மூச்சை விலையாகக் கொடுத்தபின், அதன் நோயை அதன் வினை என்று சொல்லி விலகுதல் எங்ஙனம் பொருந்தும்? இவற்றை விலைகொடுத்து வாங்காதொழிதலே இவ்வுயிர்கட்குச் செய்யும் முதல் மருத்துவம். வாங்கினார்க்குக் கடன் இருமடங்காம்.

இக்கடன் எத்துணை ஆழமுடையது என்பதற்குத் திருமூலநாயனார் வரலாறு சாலும். சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்துபட, அவன் மேய்த்த ஆக்கள் அவனுடலைச் சூழ்ந்து கதறின. அவ்வழி வந்த சிவயோகியார் அவற்றின் துயர் தீர்த்தல் வேண்டித் தம் உடலை ஓரிடத்துச் சேமித்து, மூலனுடலிற் புகுந்தார். ஆக்கள் மேய்ந்து மாலையிற் றம்மில் சேருங்காறும் உடன் சென்றார். மீண்டு வந்து நோக்கியபொழுது தம்முடலைக் காணாராயினார். அது திருவருட் செயலென்று தெளிந்தார். அவர் அவ்வாக்களை வளர்த்தவரும் அல்லர், விலைக்குக் கொண்டவரும் அல்லர்; கண்ட துயரே அவருக்குக் கடனாயிற்று. தானே தேடிக் கொணர்ந்து, பெயரிட்டு, மடியில் வைத்து வளர்த்த ஒருவனுக்கு அக்கடன் எத்துணைப் பெரிதாதல் வேண்டும் என்பது சொல்லாமே அமையும்.

இனி, வறுமை பற்றிய தடை. பொருளில்லாதான் என் செய்வான்? மனைவி மக்களைப் பசிக்க வைத்து நாய்க்கு மருந்து வாங்குதல் அறமாமோ? எனின், இத்தடை வலியுடைத்து. எளிதிற் றள்ளற்பாலது அன்று. இதற்கு விடை, கடனை முப்பகுதியாகப் பிரித்து உணர்தலாற் பெறப்படும். நோய் வாராமற் காத்தல் ஒன்று. வந்த நோவைத் தணித்தல் ஒன்று. நோயை முற்றும் நீக்கி வாழ்நாளை நீட்டித்தல் ஒன்று. இவற்றுள் முன்னைய இரண்டும் யாவர்க்கும் உரிய கடன். அவற்றுக்கு இயலாதவன் உயிரை வளர்க்கப் புகுதலே கூடாது. மூன்றாவது, வளர்ப்பவனது ஆற்றலுக்கும், நோயுயிர் பெறும் பயனுக்கும் ஏற்ப அமைவது.

முதலாவதற்கு ஆகும் செலவு சிறிது. நாய்க்குட்டியைத் தாக்கும் பார்வோ என்னும் குடல்நோய்க்கு, பிறந்த 6 முதல் 8 வாரத்திற் றொடங்கி இடைவிட்டு இடைவிட்டு இடும் தடுப்பூசி காவலாகும். அதனை இடாது நோய் வந்தபின், நரம்புவழி உப்புநீர் ஏற்றிப் பல நாள் மருத்துவமனையில் வைத்துக் காத்தற்கு அதனினும் பன்மடங்கு செலவாகும். அவ்வளவு செய்தும் உயிர் தங்காதொழிதலும் உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கு லூயி பாஸ்டர் தடுப்பு மருந்து கண்டது 1885-இல்; குன்னூரில் அம்மருந்துக்கான நிலையம் 1907-இல் தொடங்கிற்று. இவ்வளவு காலம் கழிந்தும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 மக்கள் அந்நோயால் மடிவதாகக் கணக்கிட்டுள்ளனர். அவருட் பெரும்பாலார் நாய்க்கடியாற் பற்றப்பட்டவர். ஆண்டுக்கு ஒருமுறை இடற்பாலதாகிய ஊசியை மறந்தவன், தன் நாய்க்கு மட்டுமன்றி அயலான் மகவுக்கும் தீங்கிழைத்தவனாவான். செலவுக்கு அஞ்சி, மக்கள் மருந்தைத் தாமே விலங்குக்குக் கொடுத்தலும் தவிர்க்கற்பாலது. காய்ச்சலுக்கு மக்கள் உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லவல்லது.

மூன்றாவதன் எல்லையை இரண்டு நிலைகளான் உணர்க. ஈராண்டு நிரம்பிய நாய் ஒன்று வண்டியில் அடிபட்டுக் கால் முறிகின்றது. அறுவை செய்யின் இன்னும் 10 ஆண்டு வாழும். செலவோ வீட்டார் விழாவுக்கும் புத்தாடைக்கும் சேர்த்துவைத்த பொருள். ஈண்டு விழாவை ஒத்திவைத்தலே அறம். தம் இன்பத்தைக் குறைத்துப் பிறிதோருயிரின் துன்பத்தைக் களைதல் அருளின் இலக்கணமாகலின். மற்றொரு நாய் 13 ஆண்டு வாழ்ந்து, சிறுநீரகம் பழுதுற்று நலிகின்றது. பெரும்பொருள் செலவிடின் சில வாரம் உயிர் நீளும் என்கின்றார் மருத்துவர். கையிலுள்ளதோ மகளின் கல்விக் கட்டணம். ஈண்டுக் கட்டணத்தைச் செலுத்துதல் பிழையாகாது. ஆனால், நோவு தணிக்கும் மருந்தையும், நீரையும், நிழலையும், உடனிருத்தலையும் மறுத்தல் பிழையாம். அவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, மனமே வேண்டும்.

செலவுக்கு அஞ்சியார் சிலர் நோயுற்ற உயிரை ஊர்ப்புறத்தே விட்டு மீள்வர். இது கடன்பட்டவன் இரவிலே ஊரைவிட்டு ஓடுதலை ஒக்கும். 1960-இல் இயற்றப்பட்ட விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவன் அதன் நலத்துக்குத் தக்கவெல்லாம் செய்யக் கடவன் என்றும், பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்துமாறு தக்க காரணமின்றி அதனைக் கைவிடுதல் குற்றம் என்றும் வகுத்தது. ஆயினும், முதற்குற்றத்துக்கு அது விதித்த தண்டம் 50 ரூபாயைக் கடவாதது. அரசன் தண்டம் இத்துணைச் சிறிதாயவிடத்து, உள்ளத்துள் நின்று ஒறுக்கும் அறமே காவலாதல் வேண்டும்.

வேறு சிலர், கருணை என்னும் பெயரால் ஊசியிட்டு உயிரைப் போக்க விழைவர். தீரத்தக்க நோயைச் செலவுக்கு அஞ்சித் தீராநோய் என்று கூறி உயிர் போக்குதல் கொலையே. பெயர் மாறினமையாற் செயல் மாறாது. தீராநோயினும், நோவு தணிக்கும் மருந்துள்ள வரையில் அதனைக் கொடுத்து, உயிர் தானே நீங்கும் வரை காத்திருத்தலே சைவர்க்குப் பொருந்துவது. எம்மருந்துக்கும் அடங்காத நோவில் உயிர் துடிக்குமிடத்து, மருத்துவர் சொற்கேட்டுக் கண்ணீரோடு அதற்கு இசைந்தாரை, பொருள் மிச்சப்படுத்த இசைந்தாரோடு ஒருதட்டில் வைத்துப் பழித்தல் தகாது. செயல் ஒன்றாயினும் அதனைச் செலுத்திய எண்ணம் வேறாகலின், வினையும் வேறாம்.

இக்கடன் தனியொருவன்மேல் மட்டும் நிற்பதன்று. மருத்துவர் கல்விக்கும் கருவிக்கும் மருந்துக்கும் பொருள் செலவிட்டவர். அவர் கூலி வாங்குதலைப் பழித்தல் முறையன்று. அவரும் வேண்டாத சோதனைகளை ஏற்றாது, ஆகும் செலவையும் ஆகும் பயனையும் முன்னரே வெளிப்பட உரைத்தல் வேண்டும். அரசினர் கால்நடை மருந்தகங்கள் எளியார்க்குப் புகலாயுள்ளன. அவற்றுக்கு மருந்தும் கருவியும் உதவுதல் செல்வர்க்கு ஏற்ற அறம். ஆவுக்குப் புல் ஈதலைப் புண்ணியமாகக் கொள்ளும் அன்பர், நோயுற்ற ஆவுக்கும் நாய்க்கும் மருந்து ஈதலை அதனிற் குறைந்ததாக எண்ணற்க.

ஆகவே, ஓருயிரை இல்லத்திற் புகுவிக்க விரும்புவார், அதன் அழகை நோக்குமுன் தம் வருவாயையும், தம் பொறுமையையும், அது வாழக்கூடிய 10, 15 ஆண்டுகளையும் நோக்குக, திங்கடோறும் சிறுபொருளை அதன் நோய்க்கென ஒதுக்குக, இயலாதெனிற் கொணராதொழிக. கொணர்ந்தபின் கைவிடாதொழிக. ஒரு நாயின் நோய்ப் படுக்கையருகே, காண்பாரும் புகழ்வாரும் இல்லாத இரவிலே, ஒருவன் செய்யும் செயலே அவன் ஓதிய அருளின் அளவைக் காட்டும் என்பது துணிபு.