அவள் முட்டிக்குக் கணக்குச் சொல்லுங்கள்

ஊராரே, செவி கொடுங்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லைகளில் குத்துக்காலிட்டுக் களைவெட்டுகிறாளே ஒருத்தி, அவள் முட்டிக்கு நாம் எல்லோரும் சேர்ந்து கணக்குச் சொல்ல வேண்டும். காலையில் உட்கார்ந்தவள் உச்சிவெயில் வரை அப்படியே நகர்ந்து நகர்ந்து போகிறாள். நடவு வந்தால் சேற்றில் நிற்கிறாள். செடி பிடுங்கினால் காய் ஆய மறுபடியும் உட்காருகிறாள். வீட்டுக்கு வந்தால் தரையில் அடுப்பு, தரையில் அரிவாள்மனை, இடுப்பில் குடம். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. என்று ஊர்ப் பெயரையே சூட்டி எத்தனையோ மல்லாட்டை ரகம் தந்தது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று வாய் ஓயாமல் கேட்டோம். உட்கார்ந்து எழும்போது அவள் ஏன் சுவரைப் பிடிக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டோமில்லை.

அவளுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எலும்பு முனைகளின் மேல் வெண்மையாய், வழவழப்பாய்ப் படர்ந்திருப்பது குருத்தெலும்பு; நாம் பேச்சில் ஜவ்வு என்று சொல்லிவிடுகிறோம். முழங்காலில் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் முக்கால் பங்கு தண்ணீர். கொலாஜன் நார்கள் பின்னிய வலை. அந்த வலைக்குள் நீரை இழுத்துப் பிடித்துவைக்கும் பெரிய மூலக்கூறுகள். காலை ஊன்றினால் அடைபட்ட நீர் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே மெல்லக் கசிகிறது. காலைத் தூக்கினால் மூட்டுநீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. அந்த உறிஞ்சலில்தான் அதற்குச் சோறு. ஆகவே நடக்காத காலும் பட்டினி, மணிக்கணக்காய் மடங்கி அழுந்திய காலும் பட்டினி. சமதரையில் நடந்தாலே உடல் எடையைப்போல் 2, 3 மடங்கு பாரம் முழங்காலில் இறங்குகிறது. ஆழக் குந்தினால் முட்டிச் சில்லின் அடியில் அழுத்தம் இன்னும் பல மடங்கு ஏறுகிறது. அத்தனையையும் தாங்கிக்கொண்டு, பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட லேசாய் அது வழுக்குகிறது. படைத்தவன் கூலி வாங்காமல் செய்து கொடுத்தான். காப்பதை மட்டும் நம்மிடம் விட்டான்.

இன்னொன்றையும் கேளுங்கள், இதுதான் என்னை நடுங்க வைக்கிறது. குருத்தெலும்புக்கு நரம்பு இல்லை. தேய்ந்தாலும் அது அழாது, வெடித்தாலும் முறையிடாது. வலி வந்துவிட்டது என்றால் அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள மூட்டு உறையும் முறையிடத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஏரிக்கரையில் நண்டு வளை கண்டால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு ஓடுகிறோமே, இந்தக் கரை உடைவதை மட்டும் கைகட்டிப் பார்க்கலாமா?

உடைந்த பின் ஒட்டிக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள். அழிந்த குருத்தெலும்பு திரும்ப வளர்வதில்லை என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதிவைத்தார். எலும்பில் சிறு துளைகள் போட்டு ரத்தம் கசியவிட்டால் ஒரு திசு வளர்கிறது. ஆனால் அது முரட்டு நார்த்திசு, பழைய வழவழப்பு அதற்கு வராது. நோயாளியின் குருத்தெலும்புச் செல்களையே வளர்த்துத் திரும்ப வைக்கும் முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994-ல் வெளியிட்டார்கள். கபடி ஆடி விழுந்த இளைஞனின் முட்டியில் சிறு குழி என்றால் இவை உதவலாம். முழங்கால் முழுக்கத் தேய்ந்த நம் தாய்க்கு இவை எட்டா. அவளுக்குக் கடைசியில் மிஞ்சுவது மூட்டு மாற்று அறுவைதான். அது நல்ல சிகிச்சை, பெரும்பாலும் 20 ஆண்டு தாங்கும். பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அந்த மேசை வரைக்கும் அவளைத் தள்ளிக்கொண்டு போனது யார்?

நாம்தான். நடவு முடியட்டும் என்றோம். மல்லாட்டை விலை ஏறட்டும் என்றோம். மகள் கல்யாணம் ஆகட்டும் என்றோம். வயசானால் வலிக்கத்தானே செய்யும் என்று, வலிக்காதவர்களே தீர்ப்புச் சொன்னோம். இடையில் தைலம், பெயர் தெரியாத மாத்திரை, கேட்டவுடன் போடும் ஊசி. ஸ்டீராய்டு ஊசியை 3 மாதத்துக்கு ஒருமுறை 2 ஆண்டு முட்டிக்குள் போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் குறைந்தது என்று 2017-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. மரத்துப்போன காலோடு மறுநாளே அவளைக் களைக்கு அனுப்புகிறோம். அதற்கும் கணக்கு உண்டு.

இன்றே எழுந்திருங்கள். நிலக்காரரே, நின்றபடி களையெடுக்கும் நீளக்காம்புக் கருவிகள் இருக்கின்றன. கொல்லைக்கு நான்கு வாங்கிப் போடுங்கள், வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மகனே, டி.வி. வாங்கும் முன் அடுப்புக்கு மேடை கட்டு, கழிவறையில் உட்காரும் பீங்கான் வை. அம்மா, தொடைத் தசையை வலுவாக்கு: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்து இறக்கு, தினமும் செய். அந்தத் தசைதான் முட்டியின் காவல். எடை கூடியவர்களே, ஒரு கிலோ இறங்கினால் ஒவ்வோர் அடிக்கும் முட்டியிலிருந்து நான்கு கிலோ பாரம் இறங்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது; கிராம செவிலியரிடம் பேரைக் கொடுங்கள். விழுப்புரம் பக்கத்து முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நிற்கிறது. பஸ் ஏறினால் போதும். காப்பீட்டு அட்டையைப் பெட்டி அடியிலிருந்து எடுத்து வையுங்கள்.

ஒருநாள் கூலி போகுமே என்று அவள் தயங்குவாள். அந்தக் கூலியை அவள் கையில் வையுங்கள், கூடவே போங்கள், எக்ஸ்ரே எடுக்கும் வரிசையில் அவளை உட்காரவைத்து நீங்கள் நில்லுங்கள்.