நின்ற பில்லும் நிற்காத சனிக்கிழமையும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள பெருங்களத்தூர், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் பகுதிகளில் தெருவோர வடிகால் வெட்டுவது, சந்துக்குச் சிமென்ட் சாலை போடுவது, பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டுவது போன்ற வேலைகள் பெரும்பாலும் சிறு கான்ட்ராக்டர்கள் கையில்தான் இருக்கின்றன. ஒரு மேஸ்திரி, பத்துப் பதினைந்து ஆட்கள், வாடகைக்கு எடுத்த ஜே.சி.பி., ஹார்டுவேர் கடையில் ஒரு கடன் கணக்கு. அவர்களுடைய முதல் அவ்வளவுதான். வேலை முடிந்து, ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) வந்து அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏற்றி, பில் பாஸாகிப் பணம் வரும்வரை கூலி கான்ட்ராக்டரின் கையிலிருந்துதான் போகவேண்டும். பில் மாதக்கணக்கில் நிற்கும். சனிக்கிழமை நிற்காது. அன்று மாலை கொத்தனாரும் சித்தாளும் வாரச் சம்பளத்துக்கு வந்து நிற்பார்கள்.

“அரசாங்கமே எனக்குக் கொடுக்கவில்லை, நான் எங்கிருந்து கொடுப்பேன்?” என்று அந்த மாலையில் கேட்பது நியாயமா?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி அண்மையில் பெரிதாக எழுந்தது. நிதி ஒதுக்கீட்டுக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தராததால் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் மத்திய அரசின் பல துறைகள் முடங்கின. முந்தைய நீண்ட முடக்கத்தின்போது, 2019 ஜனவரியில், அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது. முடக்கம் தீர்ந்ததும் அரசு ஊழியர்களுக்கு விட்டுப்போன சம்பளம் முழுவதையும் கொடுக்கவேண்டும் என்கிறது அது. அந்த ஊழியர்கள் வேலை செய்யும் கட்டடங்களைப் பெருக்கித் துடைப்பவர்களும் வாசலில் காவல் நிற்பவர்களும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள் என்பதால் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

நம் நாட்டில் அரசு அப்படி இழுத்து மூடப்படுவதில்லை. பட்ஜெட் நிறைவேறத் தாமதமானால் இடைக்காலச் செலவுக்குச் சட்டமன்றம் அனுமதி தர அரசமைப்பின் 206-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் பூட்டுப் போடாமலே பணம் நிற்கும். மார்ச் 31-இல் ஒதுக்கீடு காலாவதியாகும். மேலிருந்து வரவேண்டிய மானியம் வராது. வெள்ளம் வந்தால் நிதி வேறு பக்கம் திரும்பும். தேர்தலும் ஒரு காரணமாகச் சொல்லப்படும். 2024 மக்களவைத் தேர்தலுக்கான நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நடப்பில் இருந்தன; தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19-இலேயே முடிந்துவிட்டது. ஒர்க் ஆர்டர் கொடுத்திருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்கக்கூடாது என்பது விதி. முடிந்த வேலைக்குப் பணம் கொடுக்க அந்த விதிகளில் தடையே கிடையாது. ‘எலெக்‌ஷன் முடியட்டும், வாருங்கள்’ என்று ஓர் அலுவலகம் பில்லை ஒதுக்கி வைத்தால் அதற்குத் தேர்தல் ஆணையத்தைக் கைகாட்ட முடியாது.

சனிக்கிழமைக்கு வருவோம். டெண்டரில் கையெழுத்துப் போட்டவர் கான்ட்ராக்டர். பில் தாமதமாகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் விலை போட்டார். லாபம் வந்தால் அவருக்கே என்பதற்கு உள்ள நியாயமே அந்த ஆபத்தை அவர் சுமப்பதுதான். திருவண்ணாமலையிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து கம்பி கட்டுகிறவர் எந்த டெண்டரையும் படித்ததில்லை, லாபத்தில் பங்கு கேட்டதுமில்லை. அன்றைய உழைப்பை அன்றே கொடுத்து முடித்துவிட்டார். அவரிடம் போய் அரசாங்கத்தின் தாமதத்தைப் பங்கு போடுவது, அவர் அறியாமல் அவரிடமே வட்டியில்லாக் கடன் வாங்குவதாகும். ஆகவே கூலிதான் முதல். கடைக்காரரின் பாக்கி, ஜே.சி.பி. வாடகை, சொந்த வீட்டுச் செலவு எல்லாம் அதன் பிறகே.

இப்படித் தீர்ப்புச் சொல்வது எளிது, நிறைவேற்றுவது கடினம். பெரும் நிறுவனத்துக்கு வங்கியில் ஓவர்டிராஃப்ட் இருக்கும். சிறியவருக்கு மனைவியின் நகை இருக்கும். அதுவும் அடகுக்குப் போனபின் கந்துவட்டிதான். கந்துவட்டியைத் தடைசெய்து 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும் அது ஒழிந்துவிடவில்லை. போதாக்குறைக்கு, அரசு வேலைகள் பலவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 18 ஆகிவிட்டது. இன்வாய்ஸ் போட்டுவிட்டால் பணம் கைக்கு வராவிட்டாலும் வரியைக் கட்டியாகவேண்டும். பாக்கி வைத்த அரசுக்கே, அந்தப் பாக்கியின் மேல், கடன் வாங்கி வரி கட்டும் நிலை இது. இப்படிப்பட்டவரைக் கூலி கொடுக்காத கல்நெஞ்சர் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது அநியாயம்.

ஆனாலும் அவருடைய கடமை சனிக்கிழமைக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. சில வாரக் கூலிக்காவது கையில் வழியில்லாமல், மதிப்பீட்டுக்கு வெகு கீழே விலை போட்டு வேலையைப் பிடிக்கிறவர், பிறர் வயிற்றைப் பணயம் வைத்தே டெண்டர் போடுகிறார். ஒரே துறையை நம்பியிராமல் இடையிடையே தனியார் வேலையும் வைத்துக்கொள்வது, மொத்தமும் முடியட்டும் என்று காத்திராமல் முடிந்த அளவுக்கு அளவெடுக்கச் சொல்லிப் பகுதி பில் போடுவது, பழைய பாக்கியை அடைக்கப் புது வேலை எடுக்காமல் இருப்பது ஆகியவற்றை வெறும் தொழில் தந்திரம் என்று நினைக்கக்கூடாது. ஆட்களை வேலைக்கு அழைப்பவர் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை இவை. இத்தனையும் செய்தும் பணம் முடை என்றால், திங்கட்கிழமை காலையிலேயே உள்ளதைச் சொல்லிவிடவேண்டும். வேறு வேலைக்குப் போவதா, இருந்து பார்ப்பதா என்று ஆட்கள் முடிவு செய்யட்டும். ஆறு நாள் வேலை வாங்கிவிட்டுச் சனிக்கிழமை மாலை சொல்வது ஏமாற்று.

நெருக்கடியில் வரும் இன்னொரு சோதனை, நஷ்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத யார் தலையிலாவது இறக்கிவிடுவது. சிமென்டைக் குறைக்கலாம், கம்பி இடைவெளியைக் கூட்டலாம். ஊர் அதைப் பிறகு அனுபவிக்கும். பில்லை முன்னால் நகர்த்தக் கைக்கூலி கொடுக்கலாம். கஜானாவில் இருக்கும் பணம் பத்துப் பில்லுக்குப் போதாதபோது ஒரு பில் முந்தினால் இன்னொரு பில் பிந்தும், அந்த இன்னொருவரின் ஆட்கள் அந்த வாரம் வெறுங்கையோடு போவார்கள். வேலையை நிறுத்துவது இந்த இரண்டையும்விட நேர்மையான வழி. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பகுதி மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் நினைவூட்டியது. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நேரத்தில் வெட்டிய பள்ளத்தை மூடியோ தடுப்பு வைத்தோ பாதுகாப்பாக்கிவிட்டு நிறுத்தினால் யாரும் குறைசொல்ல முடியாது. திறந்தபடி விட்டுப் போவதற்கு எந்த நிலுவையும் நியாயமாகாது.

எல்லாவற்றையும் கீழே இருப்பவர்களிடமே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, வாங்கியவர் 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் கட்டுமான வேலை ஒப்பந்தங்கள் இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் உட்படச் சில நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. வடிகால் கட்டியவருக்கு அந்தக் கதவு பாதி மூடியே இருக்கிறது. சிறு தொழில்களுக்குக் காலத்தில் பணம் தராத நிறுவனம், அதைக் கொடுத்து முடிக்கும்வரை, அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்று 2023 நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. அது கம்பெனிகளை அசைக்கிறது. வருமான வரியே கட்டாத உள்ளாட்சி அமைப்பை அது என்ன செய்யும்?

கூலியைப் பற்றியும் ஒரு நல்ல விதி உண்டு. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலையைக் கொடுத்தவரே தரவேண்டும், பிறகு கான்ட்ராக்டரின் பில்லில் பிடித்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குத்தான் அது பொருந்தியது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எல்லையை ஐம்பதாக உயர்த்திவிட்டது. பத்துப் பதினைந்து ஆட்களோடு நடக்கும் புறநகர் வேலைகளை அது எட்டவே எட்டாது. யாருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவர்களையே விட்டுவிட்ட எல்லைக்கோடு இது.

தாமதம் ஓர் இழப்பு என்பது அரசுக்குத் தெரியாததல்ல. பள்ளிக்கல்விக்கான சமக்ர சிக்‌ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோது, 2025 மே மாதம் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2,291 கோடி ரூபாய்க்கு மேல் கேட்ட அந்த வழக்கில் ஆண்டுக்கு 6 சதவீத வட்டியும் கேட்கப்பட்டது. முற்றிலும் நியாயமான கோரிக்கை. மாதக்கணக்கில் நிற்கும் ஒரு வடிகால் பில்லுக்கும் அதே நியாயம் உண்டு.

மேலிருந்து நிதி வராதபோது உள்ளாட்சி எங்கே போகும் என்று கேட்கலாம். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துப் பிறந்த தாம்பரம் மாநகராட்சி போன்ற இளைய அமைப்புகளுக்குச் செய்யவேண்டிய வேலை மலைபோல் கிடக்கிறது, சொந்த வருவாய் எல்லாவற்றுக்கும் போதாது. அப்படியானால் பணம் உறுதியாகாத வேலைக்கு டெண்டர் விடாமல் இருக்கலாம். விட்டுவிட்டால், மதிப்பீட்டிலேயே கூலிப் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒர்க் ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே அந்தத் தொகையை வேறெதற்கும் எடுக்க முடியாதபடி ஒதுக்கி வைக்கலாம். வாராவாரம் அளவெடுத்து அதிலிருந்து கூலியை மட்டுமாவது விடுவிக்கலாம். ஜல்லிக்கும் சிமென்டுக்கும் கான்ட்ராக்டரின் லாபத்துக்கும் உரிய மீதி, மானியம் வந்தபின், வட்டியோடு வரட்டும்.