லூசியையும் சொல்ல வேண்டும்

மனநல ஆய்வொன்றை மருத்துவ மாநாட்டில் சக மருத்துவர்கள் முன் வைப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்டிவிடும். சர்க்கரை குறைந்ததை ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மனம் தேறியது என்பதற்கோ, பெரும்பாலும் ஒருவர் பார்த்துச் சொல்வதே சான்று. அமைதியாக இருக்கும் நோயாளி நலமடைந்தவராகவும் இருக்கலாம், உணர்ச்சி மரத்துப் போனவராகவும் இருக்கலாம். அரங்கில் கேட்டுக்கொண்டிருப்பவர்களோ, ஊர் திரும்பியதும் தங்கள் நோயாளிகள் முன் அமரப்போகிறவர்கள்.

1935 கோடையில் லண்டனில் நடந்த இரண்டாவது உலக நரம்பியல் மாநாடு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஃபுல்டனும் கார்லைல் ஜேக்கப்சனும் பெக்கி, லூசி என்ற இரண்டு சிம்பன்சிகளைப் பற்றிய ஆய்வை அங்கே முன்வைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது நினைவாற்றலை. இரண்டு கிண்ணங்களில் ஒன்றின் அடியில் உணவை வைத்து, திரையிட்டு, சற்று நேரம் கழித்து எடுக்கச் சொன்னால் விலங்குக்கு இடம் நினைவிருக்கிறதா என்பதே சோதனை. மூளையின் முன்மடல்களை இருபுறமும் நீக்கிய பின் அந்த நினைவு தங்கவில்லை. ஆய்வின் முதன்மையான முடிவு இதுதான். இதோடு இன்னொன்றும் கவனிக்கப்பட்டது. தவறாக எடுக்கும்போதெல்லாம் முன்பு கத்திப் புரண்ட பெக்கி, அறுவைக்குப் பின் எதையும் பொருட்படுத்தாமல் இருந்தாள்.

லூசி அதற்கு நேர்மாறு. முன்பு சாதுவாக இருந்தவள், அறுவைக்குப் பின் எரிச்சலடையத் தொடங்கினாள். இரண்டே விலங்குகள், இரண்டு எதிரெதிர் விளைவுகள். ஆனால் வரலாற்றில் நின்றது பெக்கியின் கதை மட்டுமே. நம்பிக்கை தரும் செய்தி தானாகவே பரவும். அதை மறுக்கும் செய்தியை யாராவது சுமந்து சென்றால்தான் உண்டு.

அந்த மாநாட்டுக்கு லிஸ்பனிலிருந்து வந்திருந்தவர் நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய வழிகாட்டுதலில் அறுவை மருத்துவர் அல்மெய்டா லிமா மனநோயாளிகளின் முன்மடல் நரம்பிழைகளைச் சிதைக்கத் தொடங்கினார். லண்டன் அமர்வே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தமது எண்ணம் அதற்கு முன்பே உருவாகியிருந்தது என்றுதான் மோனிஸ் பின்னாளில் கூறினார். எப்படியானாலும், 1936இல் அவர் வெளியிட்ட கணக்கு கேட்பவர்களை ஈர்த்தது: 20 நோயாளிகள், 7 பேர் குணம், 7 பேர் முன்னேற்றம், 6 பேர் மாற்றமில்லை. எவரையும் அறுவைக்குப் பின் நெடுங்காலம் பின்தொடர்ந்து பார்க்கவில்லை என்பது அந்த எண்களுக்குள் தெரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமனும் ஜேம்ஸ் வாட்ஸும் அறுவையைத் தொடங்கிவிட்டார்கள்.

மோனிஸிடம் முதல் நோயாளிகள் சிலரை அனுப்பிவைத்தவர் அவருடைய சகாவான மனநல மருத்துவர் சோப்ரால் சித். அறுவைக்கு முன்பே அவர்களை அறிந்திருந்தவர் அவர். திரும்பி வந்தவர்களின் ஆளுமை சிதைந்திருப்பதைக் கண்டு மேலும் நோயாளிகளை அனுப்ப மறுத்தார். 1937இல் பாரிஸில் மருத்துவர்கள் கூடிய அவையில் அதை வெளிப்படையாகவும் சொன்னார். ஆய்வைப் பகிர்வது என்பதன் முழுப்பொருளுக்கு அவர்தான் நல்ல உதாரணம். சக மருத்துவரின் கண்டுபிடிப்பை அதே துறையினர் முன் மறுத்துப் பேச அறிவு மட்டும் போதாது, துணிவும் வேண்டும். அவர் குரல் அதிகம் எட்டவில்லை. 1941இல் அவர் காலமானார். 1949இல் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாநாட்டு மேடையில் கிடைப்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடம். நேரம் குறையும்போது முதலில் உதிர்வது, எத்தனை பேர் பாதியில் விலகினார்கள், எத்தனை மாதம் கவனிக்கப்பட்டார்கள், யாருக்கு மோசமானது என்ற பகுதிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது பேசுபவரின் கடமை. சொல்லாவிட்டால் எழுந்து கேட்பது கேட்பவரின் கடமை. அந்த அரங்கில் நோயாளிக்கு இருக்கை பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே அவருக்காகக் கேட்கக்கூடியவர்கள் அங்கே அமர்ந்திருக்கும் மருத்துவர்களே.

லோபாட்டமி எனப்பட்ட அந்த முன்மடல் அறுவை பெருமளவில் குறைந்தது 1950களில். எச்சரிக்கைகள் செவியில் ஏறியதைவிட அதற்குப் பெரிய காரணம் வேறு. 1952இல் பாரிஸில் ழான் டிலேயும் பியேர் டெனிக்கரும் குளோர்ப்ரோமசின் மருந்தின் பலனை அறிவித்தார்கள். கத்திக்குப் பதில் கொடுக்க மருத்துவமனைகளுக்கு வேறொன்று கிடைத்தது.