ஓசையற்ற ஊர்தியும் நடப்போர் உரிமையும்

வழி என்னும் சொல் தமிழிற் பாதையையும் குறிக்கும், முறைமையையும் குறிக்கும். ஒருவன் வழி தவறினான் என்று கூறுமிடத்து, அவன் ஊர்ப்பாதையை விட்டு விலகினான் என்றும் கொள்ளலாம். ஒழுக்கத்தை விட்டு விலகினான் என்றும் கொள்ளலாம். பலர் கூடிச் செல்லும் பாதையில் ஒருவர் எவ்வாறு செல்லுதல் வேண்டும் என்னும் வினா அடிப்படையில் ஓர் அறவியல் வினாவே என்பதை இச்சொல்லே உணர்த்தி நிற்கின்றது.

அவ்வினா ஊவா மாகாணத்தின் மலைப்பாதைகளில் இன்று புதியதொரு வடிவில் எழுந்துள்ளது. மின்கலத்தால் இயங்கும் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் அப்பாதைகளுக்கு வந்து சேர்ந்துள்ளன. இவற்றை மின் ஈருருளிகள் எனப் பொதுப்படக் கூறலாம். நடந்து செல்வோரின் பாதுகாப்பை முன்னிட்டு இவற்றைக் கட்டுப்படுத்துவது நியாயமாகுமா? நியாயமாயின், அக்கட்டுப்பாட்டின் சுமை யார்மீது, எவ்வளவு விழுதல் தகும்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதுளைக்குப் புகையிரதம் 1924 ஆம் ஆண்டில் வந்தது. ஆயினும் தோட்டங்களின் உள்ளே வாழ்ந்தோர்க்குக் கால்களே ஊர்தியாயின. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டப் பாதைகள் தேயிலையை வெளியேற்றுதற் பொருட்டு அமைக்கப்பட்டவையேயன்றி, மனிதர் நடத்தற் பொருட்டு அமைக்கப்பட்டவையல்ல. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் பள்ளம், இடையே ஓர் ஊர்தி செல்லும் அகலம் என்பதே அவற்றின் அமைப்பு. நடைபாதை என்பதொன்று அங்கு இல்லை. விடியற்காலையிற் பிரட்டுக்குச் செல்லும் பெண்களும், கொழுந்துச் சுமையோடு நிறுவைக்கு வரும் தொழிலாளரும், பாடசாலைப் பிள்ளைகளும், மருந்து வாங்க நகருக்குப் புறப்படும் முதியோரும் அவ்வொற்றைப் பாதையிலேயே செல்கின்றனர்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்நிலைமையில் ஒரு மாற்றத்திற்கு வித்திட்டது. எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர்; அவ்வாண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் பங்கீட்டு முறைக்கு உட்பட்டது. எண்ணெயை நம்பாத ஊர்தி ஒன்றின் தேவையை அந்நாட்கள் எல்லோருக்கும் கற்பித்தன. 2020 முதல் நிறுத்தப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் மின் ஊர்திகளின் வரவுக்கு வழி மேலும் திறந்தது. புகையின்மை, குறைந்த செலவு, எளிய பராமரிப்பு ஆகியன இவற்றின் நன்மைகள். இவற்றை எவரும் மறுத்தற்கில்லை.

ஆயின் இந்நன்மைகளுள் ஒன்றான ஓசையின்மையே ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கின்றது. எண்ணெயால் இயங்கும் ஊர்தி தன் வரவைத் தானே அறிவித்து வந்தது. முச்சக்கரவண்டியின் இரைச்சல் வளைவுக்கு அப்பாலிருந்தே கேட்கும்; நடப்பவர் ஒதுங்கி நிற்பர். எவரும் திட்டமிடாமலே அமைந்த ஓர் எச்சரிக்கை அது. மின் ஈருருளி அவ்வெச்சரிக்கையை நீக்கிவிடுகின்றது. தலையிற் சுமையைத் தாங்கி முன்னோக்கிக் குனிந்து நடக்கும் ஒரு பெண்ணால் எளிதிற் பின்திரும்பிப் பார்த்தல் இயலாது. இதுகாறும் அவளது செவி அவளைக் காத்தது. இனி அவள் ஒவ்வோர் அடிக்கும் திரும்பிப் பார்த்தல் வேண்டும். ஊர்தி செலுத்துபவரின் வசதிக்காக, எச்சரிக்கையாக இருக்கும் கடமை நடப்பவர்மீது சுமத்தப்படுகின்றது. இக்கடமை மாற்றமே ஆராயத்தக்க அநீதியாகும்.

இயந்திர ஊர்தியின் வரலாறு முழுவதும் இக்கடமை யாருடையது என்ற வழக்காகவே அமைந்துள்ளது. இங்கிலாந்தில் 1865 ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திர ஊர்திக்கு முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடக்க வேண்டும் என விதித்தது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகரங்களில் 2 மைலுமே வேக எல்லையாயின. கடமை முழுவதும் இயந்திரத்தின்மீது வைக்கப்பட்டது. அது புத்தாக்கத்தை முடக்கும் அளவுக்குக் கடுமையாயிற்று என்பதும் உண்மை. 1896 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வேக எல்லையை 14 மைலாக உயர்த்தியது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், அவ்வாண்டு ஆகஸ்ட் 17 ஆம் திகதி, இலண்டன் கிறிஸ்ரல் பலஸ் மைதானத்தில் பிரிஜெற் டிறிஸ்கோல் என்னும் பெண்மணி மோட்டார் வாகனம் மோதி உயிரிழந்தார். பிரித்தானியாவில் மோட்டார் காரினால் உயிரிழந்த முதற் பாதசாரி அவரே எனக் கொள்ளப்படுகின்றது. அது விபத்தென்றே தீர்ப்பாயிற்று. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டறிக்கையின்படி, ஆண்டொன்றில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிகளில் மடிகின்றனர். அவர்களுள் 23 வீதத்தினர் நடந்து சென்றோராவர். செங்கொடியிலிருந்து இவ்வெண்ணிக்கை வரை வந்த பயணத்தில், விலகி நிற்கும் கடமை சிறிது சிறிதாக நடப்பவர்மீது மாற்றப்பட்டதைக் காணலாம்.

இவ்விடத்தில் ஜோன் ஸ்ரூவேட் மில் 1859 ஆம் ஆண்டில் வகுத்துரைத்த கோட்பாடு நினைவுகூரத்தக்கது. பிறர்க்குத் தீங்கு நேராதவரை ஒருவரது சுதந்திரத்திற் சமுதாயம் தலையிடலாகாது என்பது அதன் சாரம். ஆயின் தீங்கு என்பது யாது? எலும்பு முறிந்தாலன்றித் தீங்கில்லை எனக் கொள்வது குறுகிய நோக்காகும். அச்சத்தினால் மாலையிற் கோயிலுக்குச் செல்வதை விட்டுவிட்ட மூதாட்டிக்கு விபத்து எதுவும் நேரவில்லை. பிள்ளையைத் தனியே பாடசாலைக்கு அனுப்ப அஞ்சி, அரைநாட் பேரை இழக்கும் தாய்க்கும் காயம் எதுவும் ஏற்படவில்லை. எனினும் இருவரது வாழ்வும் சுருங்கிவிட்டது. காவல்துறையின் பதிவேட்டில் இடம்பெறாத இச்சுருக்கமும் தீங்கேயாகும்.

தமிழரின் அறச்சிந்தனையில் வீதி விபத்துக்குத் தனியிடம் உண்டு. திருவாரூரில் தேர் செலுத்திய இளவரசனின் தேர்க்காலில் ஒரு பசுக்கன்று பட்டு இறந்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. எல்லாளன் மகன் பற்றி மகாவம்சமும் இதையொத்த கதையையே கூறுகின்றது. இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பெரியபுராணத்திற் கன்று துள்ளிப் பாய்ந்து தேர்க்காலில் அகப்படுகின்றது. மகாவம்சத்தில் அது பாதையிலே கிடக்கின்றது. பாய்ந்த கன்றைக் கவனமற்றது எனலாம்; கிடந்த கன்றை வழிமறித்தது எனலாம். இரு மன்னரும் அவ்வாதத்தை ஏற்றிலர். கன்று என்ன செய்தது என்பது அவர்கட்கு வினாவாகவில்லை. வேகத்தையும் பாரத்தையும் பாதைக்குக் கொணர்ந்தவனே அதன் விளைவுக்கும் பொறுப்பாளி என்பதே அவர்கள் கண்ட நீதி. நடந்து செல்வோரும் கவனமற்றே நடக்கின்றனர் என்று இன்று கூறுவோர்க்கு இக்கதைகளில் விடை உண்டு. நடப்பவரின் கவனக்குறைவு பெரும்பாலும் அவரையே வருத்தும்; செலுத்துபவரின் கவனக்குறைவு பிறரையும் வருத்தும். சமமற்ற ஆற்றலுடைய இருவர்க்குச் சமமான கடமையை விதிப்பது சமத்துவமாகாது.

இனி எதிர்வாதத்தையும் நோக்குதல் வேண்டும். அதன் வலிமை சிறிதன்று. லயத்தில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞன் சேமித்த பணத்தில் ஒரு மின் ஈருருளியை வாங்குகின்றான். பேருந்துக்குக் காத்திராது பதுளையிலோ பண்டாரவளையிலோ வேலைக்குச் செல்லவும், நோயுற்ற தாயை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவும் அவனால் முடிகின்றது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தின் எல்லைக்குள் கட்டுண்டு கிடந்த ஒரு சமுதாயத்துக்கு இந்நகர்வு வெறும் வசதியன்று. விடுதலையின் ஒரு கூறு. அவனைவிடப் பன்மடங்கு பாரமும் வேகமும் உடைய வான்களும் சொகுசு வாகனங்களும் அதே பாதையில் விரைந்து செல்ல, அவனது சிறிய ஊர்தியை மட்டும் கட்டுப்படுத்துவது வறியவனுக்கு ஒரு நீதி, செல்வனுக்கு ஒரு நீதி என்பதாகாதா?

இவ்வினா நியாயமானது. ஆயின் இதிலிருந்து கட்டுப்பாடே வேண்டாம் என்னும் முடிவு பெறப்படாது. கட்டுப்பாடு ஆபத்தின் அளவுக்கு ஏற்றதாக அமைதல் வேண்டும் என்பதே பெறப்படும். பாரமும் வேகமும் மிகுந்த ஊர்திக்குக் கடமையும் மிகுதல் வேண்டும். அன்றியும், அவ்விளைஞனுக்கு எதிரே நடந்து வருபவரும் செல்வரல்லர். அவனது லயத்தில் வாழும் பெண்ணே அவர். ஒரு வறியவரின் விடுதலையை இன்னொரு வறியவரின் பாதுகாப்பை விலையாகக் கொடுத்துப் பெறுதல் முறையன்று.

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அணுகின என்பதை அறிதல் பயன் தரும். சிங்கப்பூர் 2019 நவம்பர் 5 ஆம் திகதி முதல் மின் ஸ்கூட்டர்களை நடைபாதைகளிலிருந்து விலக்கியது. பாரிஸ் நகர மக்கள் 2023 ஏப்ரலில் வாக்களித்து, வாடகைக்கு விடப்படும் மின் ஸ்கூட்டர்களை நகரிலிருந்து அகற்றினர். இந்தியாவில் 250 வாற்றுக்கு மேற்படாத மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேற்படாத வேகமும் கொண்ட ஈருருளிகட்குப் பதிவு வேண்டப்படுவதில்லை. ஓசை குறித்து, ஐரோப்பிய ஒன்றியம் புதிய மின்சாரக் கார்கள் குறைந்த வேகத்திற் செல்லும்போது செயற்கை ஒலி எழுப்புதலை 2021 ஜூலை முதல் முற்றாகக் கட்டாயமாக்கியது. எனினும் அவ்விதி ஈருருளிகளுக்குரியதன்று.

இவற்றுள் எதனையும் ஊவாவின் மலைகளுக்கு அப்படியே பெயர்த்துக் கொணர்தல் இயலாது. நடைபாதையில் ஊர்தி செல்லலாகாது என்ற விதி, நடைபாதை உள்ள நகருக்கே பொருந்தும். மோட்டாரின் வலுவைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதி சமதரைக்கே பொருந்தும். நமுனுகுலைச் சரிவிலிருந்து பசறையை நோக்கி இறங்கும் ஈருருளிக்கு மோட்டாரின் உதவி வேண்டியதில்லை. மலையே அதனை இழுத்துச் செல்லும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஊர்தி ஒரு விநாடியில் 10 மீற்றர் கடக்கின்றது. அதனைச் செலுத்துபவர் ஆபத்தை உணர்ந்து தடுப்பை அழுத்துதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி செல்லும். எதிரே 15 மீற்றர் மட்டுமே தெரியும் வளைவில் எஞ்சுவது 5 மீற்றரே. வேகம் இரு மடங்காயின் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். எனவே இங்கு முதன்மை பெற வேண்டியது மோட்டாரின் வலு அன்று. தடுப்பின் தரமும் இறக்கத்திலும் வளைவிலும் உள்ள வேக எல்லையுமேயாகும்.

மேலும் ஒரு தடை உண்டு. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் நாட்டின் வீதிகளை ஆள்கின்றது. ஆயின் தோட்டப் பாதையின் பொறுப்பாளர் யார்? 1992 முதல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளின் கையில் உள்ளது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குத் தடையின்றிச் சேவையாற்ற இடந்தரவில்லை; 2018 ஆம் ஆண்டிலேயே அது திருத்தப்பட்டது. வரியும் வாக்கும் பெற்ற சபை மூன்று தசாப்தங்களாகத் தம் வாசலிலேயே நின்றுவிட்டதைத் தோட்ட மக்கள் கண்டனர். சட்டம் மாறியபின்னும் மின்விளக்கும் வடிகாலும் வளைவுக் கண்ணாடியும் தாமே முளைத்துவிடா. 2021 மார்ச் 20 ஆம் திகதி பசறைக்கு அண்மையில், 13 ஆம் கட்டைப் பகுதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்தபோது, அங்கு சரிந்து கிடந்த பாறை பாதையை ஒடுக்கியிருந்தமையும் பேசப்பட்டது. செலுத்துபவரின் கடமையைப் பேசுமிடத்துப் பாதையைப் பேணுவோரின் கடமையை மறைத்தல் அறமாகாது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துரைக்கலாம். லயங்கள், பாடசாலைகள், நிறுவை நிலையங்கள், கோயில்கள் ஆகியவற்றை அண்டிய பாதைகளில் எல்லா ஊர்திகளுக்கும், எண்ணெயால் இயங்குவனவற்றுக்கும் மின்னால் இயங்குவனவற்றுக்கும், ஓட்டத்துக்கு மேற்படாத வேக எல்லை விதித்தல் வேண்டும். மின் ஈருருளி தன் வரவை மெல்லிய ஒலியாலும் முன்விளக்காலும் அறிவிக்க வேண்டும். அவ்வொலியைப் பொருத்தும் பொறுப்பு வாங்குபவரினும் விற்பவருக்கும் இறக்குமதியாளருக்குமே உரியது. பதிவும் காப்புறுதியும் வேண்டும். ஏனெனில் இலக்கத் தகடற்ற ஊர்தியால் காயமுற்றவர் யாரிடம் ஈடு கேட்பார்? ஆயின் அவற்றின் கட்டணம் வறியவரை விலக்கும் சுவராக அமையலாகாது. அதற்காக ஒரு நாட் சம்பளத்தை இழந்து நகருக்கு அலையவேண்டிய நிலையும் ஆகாது. தோட்டத்திற்கே சென்று பதியும் நடமாடும் சேவை இயலாததன்று. கம்பனியும் பிரதேச சபையும் நடப்போர்க்கென ஓரடிப் பாதையையேனும் ஒதுக்குதல் வேண்டும். அதனைச் செய்யாது, செலுத்துபவரை மட்டும் தண்டிக்கும் சட்டம் தன் கடமையிற் பாதியை மறந்த சட்டமாகும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையால் பதுளை மாவட்டத்தின் பல பாதைகள் மண்சரிவில் துண்டிக்கப்பட்டன. அந்நாட்களில் ஊர்தி உடையோரும் இல்லாதோரும் ஒருங்கே நடந்தனர். ஊர்திகள் நின்றபோதும் நடை நிற்கவில்லை. ஊர்தி செலுத்துபவர் ஒவ்வொருவரும் அதிலிருந்து இறங்கியதும் பாதசாரியே; அவரது பிள்ளையும் பெற்றோரும் பாதசாரிகளே. ஆதலின் நடப்போரைக் காக்கும் சட்டம் ஒரு பிரிவினர்க்குச் செய்யும் சலுகையன்று. அனைவரும் ஒருநாள் வந்து சேரும் நிலையைக் காக்கும் ஏற்பாடாகும்.

எல்லாளனின் ஆராய்ச்சி மணி, தீங்கு நேர்ந்தபின் ஒலித்தது. அம்மணியின் நீதி பெரிது. எனினும் அது கன்றுக்கு உயிர் தரவில்லை. தீங்கு நேருமுன் ஒலிக்கும் மணியாகச் சட்டம் அமைதல் வேண்டும். அம்மணியை ஒலிக்கும் கடமை வேகத்தைப் பாதைக்குக் கொணர்ந்தவருக்கும், பாதையைத் தம் பொறுப்பிற் கொண்டவருக்கும் உரியது. சுமையோடு நடந்து வருபவருக்கு உரியதன்று.